தோற்றவர்களின் பக்கமிருந்து எண்ணுவது

கீரனூர்
18.08.2024

மோகனப்ரியாவுக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ போய் இன்றோடு ஆறு நாள். என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். என் மெஷின் ஆபரேட்டர் சார்லஸ் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டு அந்த நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். அவன் என்ன பாவம் செய்தான்? தபாலை பிளாக் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன். பள்ளிக்கூட லீவ் லெட்டருக்குப் பிறகு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

நடந்தது என்ன? ஆசிரியர் தேர்வில் உனக்கு இரண்டு மார்க் குறைந்தது. நான் உன் கேள்வித்தாளையும் விடைத்தாள் நகலையும் எடுத்து உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் எந்த மூன்று கணக்கு தப்பு என்று கண்டுபிடித்தேன். சிவப்பு மையில் வட்டம் போட்டு, அடுத்த முறை உதவும் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மறுநாள் செவந்தி அக்காவும் மச்சானும் சாப்பிட வந்தார்கள், பார்த்தார்கள். அவர்கள் வருவார்கள் என்று நான் திட்டம் போடவில்லை. "மூணுமே எட்டாங்கிளாஸ் கணக்கு, இதுல போயி கோட்டை விட்டிருக்கா" என்று சொன்னேன். சொன்னது தப்பு என்கிறாய். அது எட்டாம் வகுப்புக் கணக்குதான். அதில் என்ன பொய்?

பக்கத்து வீட்டு முனியாயி அக்காவிடம் நீ ஆடிக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். "தலை ஆடிக்குத்தானப்பா கூட்டிட்டுப் போவாக, ரெண்டாவது வருசமுமா?" என்று கேட்டார். இப்போது ஆவணியும் பிறந்துவிட்டது. இனி என்ன சொல்ல?

எப்போது வருகிறாய்? தேதி மட்டும் எழுது.

நிலவழகன்


பொன்னமராவதி
27.08.2024

திரு. நிலவழகன் அவர்களுக்கு,

வணக்கம். தேதி மட்டும் எழுதச் சொன்னீர்கள். தேதி கடிதத்தின் மேலே இருக்கிறது.

உங்களோடு போனில் பேச மாட்டேன். கோபத்தால் இல்லை. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடித்ததே கிடையாது. பாதியிலேயே "சரி, புரியுது, அதுக்கு என்ன பண்ணணும்னா" என்று தொடங்கிவிடுவீர்கள். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் என் வாக்கியங்களுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது நீங்கள்தான். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எவ்வளவு அவசரமானாலும் நான் முடிக்கும்வரை நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் உங்களை எனக்குத் தெரியும். முதல் நாலு வரி படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவீர்கள். அதனால் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு கணக்கு இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று கேசரியை விட்டுவிட்டு, என் டியூஷன் பிள்ளையின் நோட்டில் கிடந்த புதிரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள். கணக்கைப் பார்த்தால் விட மாட்டீர்கள். அதற்காகவாவது கடைசி வரை வருவீர்கள்.

எங்கள் வீட்டில் மதுரைவீரன் மாமா ரொம்பக் கோபமாக இருக்கிறார். தை பிறந்ததும் நாலு பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துவிடலாம் என்கிறார். தீர்ப்பது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியும். நான் அவரிடம் கார்த்திகை முடியும்வரை டைம் கேட்டிருக்கிறேன். மார்கழியில் யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். வருவதாக இருந்தால் கார்த்திகைக்குள் வர வேண்டும். வருவேனா, எனக்கே இன்னும் தெரியவில்லை.

கணக்கு: ஒரு கபடிப் போட்டிக்கு முப்பத்தேழு அணிகள் வந்திருக்கின்றன. தோற்றால் வெளியே. ஜோடி சேராமல் மிஞ்சும் அணி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். கோப்பை கொடுக்கும்வரை மொத்தம் எத்தனை ஆட்டம்? விடை மட்டும் போதாது, எப்படி வந்தீர்கள் என்றும் எழுதவும்.

மோகனப்ரியா


கீரனூர்
02.09.2024

ப்ரியா,

முதலில் உன் கணக்கு. முதல் சுற்றில் 18 ஆட்டம், ஒரு அணி சும்மா போகும், மீதி 19. அடுத்து 9 ஆட்டம், மீதி 10. அடுத்து 5, மீதி 5. அடுத்து 2, மீதி 3. அடுத்து 1, மீதி 2. பைனல் 1. கூட்டினால் 36. இரண்டு நிமிடம் பத்து விநாடி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இதைவிடக் கஷ்டமாக இருந்தால் அனுப்பு.

இப்போது உன் கடிதம். நான் குறுக்கே பேசுகிறேன் என்கிறாய். நான் வேலை பார்க்கும் இடத்தில் நிமிடத்துக்கு ஒரு வால்வு உதிரி வெளியே வருகிறது. அளவு தப்பினால் அடுத்த நிமிடம் இன்னொன்று தப்பும். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தால் பெட்டி நிறையக் கழிவுதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முக்கால்வாசி நேரம் நீ சொல்ல வந்ததைத்தானே நான் சொன்னேன்? விடை சரியாக இருந்தால் யார் சொன்னால் என்ன?

கார்த்திகை வரை இழுக்க வேண்டுமா? மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு மனுஷி மனதை மாற்றிக்கொள்ள எதற்கு அத்தனை நாள்?

வீட்டில் எல்லாம் சரியாக ஓடுகிறது. ரசம் மட்டும் ரசமாக வரவில்லை.

நிலவழகன்


பொன்னமராவதி
14.09.2024

அன்புள்ள உங்களுக்கு,

விடை சரி. முப்பத்தாறு.

ஆனால் ஆறு சுற்று போட்டு, மிஞ்சியதை எழுதி, கூட்டி... எதற்கு அத்தனை வேலை? நீங்கள் ஜெயித்த அணிகளின் பின்னாலேயே போயிருக்கிறீர்கள். இந்தப் பக்கம் வந்து தோற்றவர்களைப் பாருங்கள். ஒரு ஆட்டம் நடந்தால் ஒரே ஒரு அணி தோற்று வீட்டுக்குப் போகும். கடைசியில் ஒரு அணி மட்டும் மிச்சம். அப்படியென்றால் முப்பத்தாறு அணிகள் தோற்றிருக்கின்றன. ஆகவே முப்பத்தாறு ஆட்டம். முடிந்தது. டீயை ஆற்றவே வேண்டாம்.

இங்கே மறுபடி டியூஷன் எடுக்கிறேன், அந்தப் பிள்ளைகளிடம் இதைப் போட்டேன். எல்லோரும் உங்களைப் போலவே பாதியாக்கிப் பாதியாக்கிப் போனார்கள். ஆஃப்ரீன் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, "டீச்சர், தோத்தவங்க எங்க போவாங்க?" என்று கேட்டாள். அதுதான் சரியான கேள்வி என்றேன். அவள் போன வருஷம் ஸ்கூல் டீமில் முதல் ஆட்டத்திலேயே தோற்று பஸ் ஏறி வந்தவள். அவளுக்குத் தெரிகிறது.

நம் வீட்டில் ஒன்றரை வருஷத்தில் எத்தனை விவாதம் நடந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். உங்களுக்கு நினைவிருக்காது. ஜெயித்தவர்களுக்கு ஆட்டம் நினைவிருக்காது. எந்தக் கலர் பெயின்ட், எந்த டாக்டர், குழம்புக்கு எவ்வளவு புளி, நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட வேண்டும். நீங்கள் எல்லாவற்றிலும் ஜெயித்தீர்கள். அத்தனை முறையும் யாரோ தோற்றிருக்க வேண்டும் இல்லையா? வீட்டில் இருந்தது இரண்டே பேர்.

விடை சரியாக இருந்தால் யார் சொன்னால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சை எழுதப் போனது நான். அதற்குப் பதிலை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுங்கள்.

கணக்கு: ஓர் ஊரிலிருந்து பஸ் கிளம்புகிறது. பத்து நாள் கணக்குப் பார்த்தால் சராசரியாக ஐம்பது நிமிடத்தில் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும். அங்கே, இந்தப் பஸ் கிளம்பிய அறுபதாவது நிமிடத்தில் சரியாக ஒரு டவுன் பஸ் புறப்பட்டுவிடும். பத்து நாளில் எத்தனை நாள் அந்த டவுன் பஸ்ஸைப் பிடிக்கலாம்?

ப்ரியா

ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் விட்டபின் கொதிக்க விடக் கூடாது. நுரை கட்டியதும் இறக்க வேண்டும். அதற்கும் பொறுமை வேண்டும்.


கீரனூர்
21.09.2024

ப்ரியா,

கபடிக் கணக்கு நன்றாக இருந்தது. இதை நான் யோசிக்கவில்லை என்பதில் எனக்கே எரிச்சல். சார்லஸிடம் போட்டேன், அவனும் பாதியாக்கினான். கொஞ்சம் ஆறுதல்.

பெயின்ட் விஷயம் எனக்கு நினைவில்லைதான். நீ சொன்ன பிறகு சுவரைப் பார்த்தேன். இந்தப் பச்சையை நானா சொன்னேன்? சகிக்கவில்லை.

பஸ் கணக்கு ரொம்பச் சுலபம். சராசரி ஐம்பது, அடுத்த பஸ் அறுபதில். பத்து நிமிடம் கையில் இருக்கிறது. பத்து நாளும் பிடிக்கலாம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. உன் கணக்குகள் இறங்குமுகமாக இருக்கின்றன.

ரசம் நுரை கட்டியதும் இறக்கினேன். நன்றி. கரண்டியால் கிண்டாமல் நின்றதுதான் கஷ்டமாக இருந்தது.

நிலவழகன்


பொன்னமராவதி
05.10.2024

அன்புள்ள உங்களுக்கு,

விடை தப்பு.

சராசரி ஐம்பது என்றால் தினமும் ஐம்பது என்று அர்த்தமில்லை. சில நாள் நாற்பது, சில நாள் அறுபத்தைந்து. அதனால் பத்து நாளும் பிடிக்கலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுத்த விவரம் போதாது என்பதுதான் விடை.

இது நானே சொந்தமாக உண்டாக்கிய கணக்கு. ஜூன் மாதம், பரீட்சை அன்று காலை. நான் ஆறரை பஸ்ஸில் திருச்சிக்குப் போகிறேன் என்றேன். "அங்க போயி ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கு வெளிய நிக்கப் போறியா? 7.40 பஸ்ல போ, 8.30க்கு எறங்கு, 8.40 டவுன் பஸ், 9.15க்கு சென்டர். கேட் மூடுறது ஒன்பதரை. அதுவரைக்கும் வீட்ல உக்காந்து ஒரு ரிவிஷன் பாரு" என்றீர்கள். ஒரு துண்டுத் தாளில் நேரத்தை எழுதிக் கையில் கொடுத்தீர்கள். நல்லதற்குத்தான் சொன்னீர்கள். எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வழியில் ஒரு லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. நான் திருச்சியில் இறங்கியபோது 8.50. டவுன் பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து, அது விட்ட இடத்திலிருந்து ஓடினேன். செருப்பு வார் அறுந்தது. ரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன். கேட் மூட நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே போனேன். வெறுங்காலோடுதான் பரீட்சை எழுதினேன். முதல் அரை மணி நேரம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரம் கடைசியில் இல்லாமல் போனது. மிச்சமிருந்த மூன்று கேள்விகளைப் படிக்காமலே மூன்றுக்கும் ஒரே கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்தேன்.

நீங்கள் சிவப்பு வட்டம் போட்டது அந்த மூன்றுக்குத்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மூன்று முறை தொடங்கினேன். பரீட்சை அன்று சாயங்காலம் வாயைத் திறந்தேன், "எத்தனை சரியா வரும், அத மட்டும் சொல்லு" என்றீர்கள். ரிசல்ட் வந்த அன்று, "அன்னைக்கு பஸ்ஸு..." என்றேன். "பஸ்ஸக் காரணம் சொல்லாத" என்றீர்கள். மூன்றாவது முறை அந்த ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அக்கா ஃபிரிட்ஜ் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை கணக்கு எதுவும் இல்லை. இல்லாமலே படித்து முடிப்பீர்களா என்று பார்க்க வேண்டும்.

ப்ரியா


கீரனூர்
27.10.2024

அன்புள்ள ப்ரியா,

படித்து முடித்தேன். கணக்கு இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை படித்தேன்.

உடனே எழுதவில்லை. எழுதியிருந்தால் விளக்கம் சொல்லியிருப்பேன். லாரி குறுக்கே நின்றதற்கு நான் என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தும் போட்டேன். நான் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறவன். நூறு உதிரியின் சராசரி சரியாக இருக்கிறது என்று எவனாவது பெட்டியை பாஸ் பண்ணச் சொன்னால் அவன் மூஞ்சியில் அடிப்பேன். ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். உனக்கு மட்டும் சராசரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலையில் நீ புதுச் செருப்பு வாங்கினாய். "பழசு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன். பழசு எங்கே என்று நான் கேட்கவில்லை. இப்போது அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாம் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டேன். பத்து நாள் காலையில் அதே 7.40 பஸ்ஸில் ஏறி, திருச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரம் குறித்தேன். 42, 49, 66, 45, 47, 62, 44, 41, 61, 43. சராசரி சரியாக ஐம்பது. மூன்று நாள் நான் இறங்கும்போது டவுன் பஸ் இல்லை. நீ போனது ஞாயிறு. என் பத்து நாளில் ஞாயிறு ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்டக்டர் ஐந்தாம் நாள், "என்ன தம்பி, தெனம் எறங்கி வாட்சப் பாத்துட்டு திரும்பிப் போறீங்க, யாரும் வரணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஃபிரிட்ஜில் இருந்த உன் கேள்வித்தாளை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பத்து நாள் தாளை ஒட்டி, மூன்று எண்ணுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். நேற்று செவந்தி அக்கா தீபாவளிப் பலகாரம் கொண்டு வந்தாள். "இது யாருடா பெயிலானது?" என்றாள். நான்தான் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். போகும்போது, "அவகிட்ட சொல்லு, அன்னைக்கு நானும் சிரிச்சிட்டேன்னு" என்றாள். சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு வா என்று எழுதவில்லை. கேட்டால் அதுவும் அவசரம்தான்.

மன்னித்துவிடு என்று எழுதுவது எனக்குச் சுலபமாக வருகிறது. நன்றி என்று எழுதத்தான் கை வரவில்லை, ஏனென்றால் எதற்கு என்று காரணம் எழுத வேண்டும். முயற்சி செய்கிறேன். என்னைத் திட்டாமல் கணக்காகப் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி. நேராகச் சொல்லியிருந்தால் வாதாடி ஜெயித்திருப்பேன். என் வாயாலேயே தப்பு விடையைச் சொல்ல வைத்தாய்.

உன்,
நிலவழகன்


பொன்னமராவதி
09.11.2024

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பத்து நாள் பஸ்ஸில் போனதைக் கேட்டு, "கூறுகெட்ட மனுசன்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டு வந்து, "அந்தக் கண்டக்டரு கேட்டதுக்கு என்னா சொன்னாருன்ன?" என்று மறுபடி படிக்கச் சொன்னாள்.

மாமாவிடம் காட்டவில்லை. அவர் தை பிறக்கக் காத்திருக்கிறார். பெரியவர்களிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு செய்தி. அடுத்த தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. டிசம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை சென்டர் புதுக்கோட்டையிலேயே. காலண்டரைப் பார்த்தேன். கார்த்திகை முடிவதும் அன்றைக்குத்தான். பரீட்சை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் கீரனூர் பஸ்ஸும் நிற்கும், பொன்னமராவதி பஸ்ஸும் நிற்கும். எதில் ஏறுவேன் என்று இப்போதே கேட்காதீர்கள். படிக்கிற நேரத்தில் அதை யோசித்தால் மறுபடி மூன்று கணக்கு போய்விடும்.

நன்றி என்று எழுதக் கஷ்டமாக இருக்கிறது என்றீர்கள். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. ஒன்றரை வருஷத்தில் நான் சொன்னதை நீங்கள் சரிபார்க்கக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. சரியென்று வேறு வந்திருக்கிறது.

கணக்கு: ஒருவர் குடுமியான்மலையில் காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி ஒன்பது மணிக்கு உச்சிக்குப் போகிறார். வழியில் இஷ்டத்துக்கு உட்காருகிறார், வேகமாக ஏறுகிறார், மெதுவாக ஏறுகிறார். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் அதே ஆறு மணிக்குக் கிளம்பி, அதே வழியில் இறங்கி, ஒன்பது மணிக்கு அடிவாரம் வருகிறார். இரண்டு நாளும் சரியாக ஒரே நேரத்தில் அவர் இருந்த இடம் என்று ஒன்று அந்த வழியில் கட்டாயம் இருக்குமா? பொறுமையாகச் சொல்லுங்கள்.

ப்ரியா


கீரனூர்
01.12.2024

அன்புள்ள ப்ரியா,

மலைக் கணக்குக்கு எனக்கு விடை தெரியும். எழுதவில்லை. நீ சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். மூன்று வாரமாக எழுதாமல் வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியும், இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம். இப்போது நீதான் குறுக்கே பேச முடியாது.

மழை விட்டு வெயில் அடித்த வாரம் அது. மதியம் மூன்று மணிக்கு மேல் வரும் உதிரிகளில் துளை சின்னதாகவே அளவு காட்டியது. காலையில் சரி, மதியம் தப்பு. டூலை மாற்றினேன், புரோகிராமை மாற்றினேன், ஆபரேட்டர்களைத் திட்டினேன். நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் சார்லஸ் வந்து, "சார், ஒண்ணு சொல்லவா?" என்றான். எப்போதும் என் வாயில் வருவது "சீக்கிரம் சொல்லித் தொலை" என்பதுதான். அன்றைக்கு என்னவோ உன் கையெழுத்து கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவன் டீயில் தொடங்கினான். கேன்டீனில் டீ ஆறிப் போய் வருவதைச் சொன்னான். டீயை ஜன்னல் ஓரம் அளவுமேசை மேல் வைத்தால் ஆறுவதில்லை என்றான். எனக்கு உள்ளே கொதித்தது. பேசவில்லை. பிறகு சொன்னான்: "மூணு மணிக்கு மேல கேஜத் தொட்டாக்க சுடுதுங்க சார்."

அவ்வளவுதான் விஷயம். மேற்குப் பக்க வெயில் மேசை மேல் விழுகிறது. அளக்கிற கேஜ் சூடாகிக் கொஞ்சம் பெருத்துவிடுகிறது. பெருத்த கருவியால் அளந்தால் துளை சின்னதாகத்தான் தெரியும். நான்கு நாளாக உதிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு அளக்கிற பக்கம். கழித்துப் போட்ட பெட்டியை மறுநாள் காலை குளிர்ச்சியில் மறுபடி அளந்தோம். இருபதில் பத்தொன்பது நல்ல உதிரி.

மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம். மேனேஜர் என்னைப் பாராட்டினார். சார்லஸ் கண்டுபிடித்தது என்றேன். அவன் இன்னும் நம்ப முடியாமல் என்னைப் பார்க்கிறான். நம் வீட்டில் எத்தனை நல்ல உதிரியை நான் கழித்துப் போட்டிருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

இதுவும் உன்னால்தான். அதற்கும் நன்றி. இப்போது கொஞ்சம் கை வருகிறது.

பதினைந்தாம் தேதி எந்தப் பஸ் என்று கேட்க மாட்டேன். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எதைப் படிக்க வேண்டும், ஒன்றும் சொல்ல மாட்டேன். சென்டருக்கு வரட்டுமா என்று மட்டும் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வர மாட்டேன். பதில் வராவிட்டாலும் வர மாட்டேன். உனக்கு எது உதவி என்று நானே முடிவு செய்தது போதும்.

எப்படியானாலும், நன்றாக எழுது. ரசம் இப்போது ரசம் மாதிரியே இருக்கிறது.

உன்,
நிலவழகன்


பொன்னமராவதி
08.12.2024

அன்புள்ள உங்களுக்கு,

வரலாம். சென்டர் பக்கம் வேண்டாம். பரீட்சை ஒரு மணிக்கு முடியும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். எப்படி எழுதினாய் என்று கேட்கக் கூடாது.

நான் காலை ஐந்தரை பஸ்ஸுக்குப் போகிறேன். அங்கே போய் கேட்டுக்கு வெளியே நிற்கப் போகிறேன்.

ப்ரியா


கீரனூர்
16.12.2024

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் ஷிப்டுக்குப் போனதும் எழுதுகிறேன். முனியாயி அக்கா வந்து, "ஆடிக்குப் போனவ மார்கழிக்கு வந்திருக்கா, ரொம்ப நீளமான ஆடிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்குப் போன் செய்துவிட்டேன். சத்தம் போட்டார். மார்கழி பிறந்துவிட்டது, இனி தை வரை என்னை யாரும் நகர்த்த முடியாது என்றேன். சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. தையில் வரட்டும். பேச வேண்டாம், பொங்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தீர்கள். எந்தப் பக்கமும் சாயாமல், ரோட்டில் கோடு போட்ட மாதிரி. அதைப் பார்த்துத்தான் கீரனூர் பஸ்ஸில் ஏறினேன். உங்களிடம் இதைச் சொல்லவில்லை. எழுதினால்தான் எனக்கும் வருகிறது.

பரீட்சையைப் பற்றி நான் சொல்லி முடிக்கக் கீரனூர் வந்துவிட்டது. குறுக்கே நீங்கள் ஒரு தடவைதான் பேசினீர்கள், "டிக்கெட் எடுத்துக்குறேன்" என்று. நடுவில் நானே நிறுத்தி, உங்கள் மலைக் கணக்கு விடை என்ன என்று கேட்டேன். "வேகம் தெரியாம சொல்ல முடியாது, விவரம் போதாது. பஸ் கணக்கு மாதிரிதான்" என்றீர்கள். அவ்வளவு நாள் பூட்டி வைத்திருந்த விடை தப்பு.

பாதி வழியில் மலையைப் பற்றித் தொடங்கி, பரீட்சைப் பேச்சுக்குப் போய்விட்டேன். ஆகவே இங்கே முடிக்கிறேன். இரண்டு நாளையும் ஒரே நாளாக்குங்கள். ஏறுகிறவர் ஒருவர், இறங்குகிறவர் இன்னொருவர். இரண்டு பேரும் ஆறு மணிக்குக் கிளம்புகிறார்கள். எவ்வளவு மெதுவாக வந்தாலும், எங்கே எத்தனை நேரம் உட்கார்ந்தாலும், வழி ஒன்றுதான். சந்திக்காமல் தாண்டிப் போக முடியாது.

ஃபிரிட்ஜில் உங்கள் பத்து நாள் தாள் அப்படியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பதிலைத் தபாலில் போட வேண்டாம். சனிக்கிழமைக்குள் எழுதி அரிசி டப்பா மேல் வைத்தால் போதும். கடைசியில் போடும் கணக்கு இந்த முறை உங்களுடையதாக இருக்கட்டும்.

ரசத்தைச் சூடு பண்ணிக் குடித்துப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எப்படிச் செய்தீர்கள் என்று சாயங்காலம் சொல்லுங்கள். நான் கேட்கிறேன்.

உங்கள்,
ப்ரியா